ஐரோப்பாவில் எல்லை தாண்டிச் சேவை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தில் செய்த சமையலறை அலமாரியை பெல்ஜியத்தில் விற்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த அலமாரியைப் பொருத்தித் தர போலந்திலிருந்து ஒரு தச்சர் வருவதென்றால் விண்ணப்பம், சான்றிதழ், காப்பீடு என்று ஒரு கோப்பே திறக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வேறுபாட்டைப் போக்க இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகிறது. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே.

சேவைச் சந்தையைத் திறப்பது என்றால் சரியாக என்ன?

ஒரு நாட்டில் பதிவு செய்து தொழில் நடத்துபவர் இன்னொரு உறுப்பு நாட்டிலும் தடையில்லாமல் வேலை செய்ய விடுவது. இதில் இரண்டு வகை உண்டு. அங்கேயே போய்க் கடை திறந்து உட்காருவது ஒன்று. சொந்த ஊரில் இருந்தபடியே சேவை தருவது, அல்லது சில வாரம் போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்புவது இன்னொன்று. சண்டையெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

1957-ல் கையெழுத்தான ரோம் ஒப்பந்தம் பொருள், ஆள், சேவை, மூலதனம் ஆகிய நான்கும் எல்லை தாண்டிப் போகலாம் என்று சொன்னது. பொருள் வேகமாக நகர்ந்தது. சேவை பின்தங்கிவிட்டது. ஒன்றியத்தின் பொருளாதாரத்தில் சுமார் 70 சதவீதம் சேவைத் துறை என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஏன் பின்தங்கியது? பொருளை ஒரு தடவை சோதித்து முத்திரை போட்டால் வேலை முடிந்தது. சேவை ஒரு மனிதரோடு சேர்ந்து வருகிறது. அவருடைய படிப்பு, லைசென்ஸ், கூலி, காப்பீடு, அவர் நாட்டுச் சட்டம் எல்லாம் கூடவே எல்லையைத் தாண்டுகின்றன. இதில் எது செல்லும், எது செல்லாது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

1957-லேயே உரிமை கொடுத்தாகிவிட்டது என்றால் பிறகு எதற்குத் தனிச் சட்டம்?

உரிமை காகிதத்தில் இருந்தது. அதற்கு உயிர் கொடுத்தது லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம். நெதர்லாந்தில் ஒரு சட்ட ஆலோசகர் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டை பெல்ஜியத்துக்கு மாற்றிக்கொண்டார். உள்நாட்டில் குடியிருப்பவர்தான் ஆஜராகலாம் என்ற டச்சு விதியைக் காட்டி அவரை நிறுத்தினார்கள். குடிமக்கள் ஒப்பந்தத்தை நேரடியாகக் காட்டியே தங்கள் நாட்டு நீதிமன்றத்தில் நியாயம் கேட்கலாம் என்று 1974-ல் தீர்ப்பு வந்தது.

அதன் பிறகு பல தீர்ப்புகள் வந்தன. ஆனால் தனித்தனி வழக்குகளால் ஒரு சந்தையைத் திறக்க முடியாது. நான்கு பேரை வைத்து பெயின்டிங் வேலை செய்பவர் ஒரு லைசென்ஸுக்காக லக்சம்பர்க் வரை வழக்காடுவாரா? அதனால்தான் பொதுவான ஒரு சட்டம் தேவைப்பட்டது.

போல்கெஸ்டைன் ஆணை என்கிறார்களே, அது என்ன? ஏன் அவ்வளவு கூச்சல்?

ஃப்ரிட்ஸ் போல்கெஸ்டைன் நெதர்லாந்துக்காரர். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் உள்சந்தைக்குப் பொறுப்பாக இருந்தார். ஆணை என்பது ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றியச் சட்டம். 2004 ஜனவரியில் அவர் முன்வைத்த வரைவில் ஒரு துணிச்சலான விதி இருந்தது. சேவை தருபவர் எந்த நாட்டுக்குப் போனாலும், தற்காலிகமாக வேலை செய்யும்வரை, அவருடைய சொந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டால் போதும் என்பதுதான் அது.

அதே ஆண்டு மே மாதம் பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. அவற்றில் எட்டு, மத்திய ஐரோப்பாவையும் கிழக்கு ஐரோப்பாவையும் சேர்ந்த முன்னாள் கம்யூனிச நாடுகள். அங்கே கூலி மேற்கு ஐரோப்பாவைவிட மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்ததும் பிரான்சில் ‘போலந்து பிளம்பர்’ பிறந்தார். போலந்துச் சட்டப்படி வந்து, பாதி விலைக்குக் குழாய் மாட்டி, பிரெஞ்சுத் தொழிலாளியின் பிழைப்பைக் கெடுக்கப்போகிறவர் என்று அவரைச் சித்தரித்தார்கள். வலதுசாரி அரசியல்வாதி ஃபிலிப் த வில்லியே அந்தப் பேச்சைப் பரப்பினார். இடதுசாரிகளில் பலர் அதே அச்சத்தைத் தொழிலாளர் உரிமையின் பெயரில் பேசினார்கள். 2005 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். வடக்கு பிரான்சில் போல்கெஸ்டைனுக்கு இருந்த விடுமுறை வீட்டின் மின் இணைப்பை மின்துறை ஊழியர்கள் துண்டித்தார்கள். மே 29 அன்று ஐரோப்பிய அரசியல் சாசனத்தை பிரெஞ்சு வாக்காளர்களில் சுமார் 55 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அதற்கு இந்த வரைவு மட்டும் காரணம் இல்லை. ஆனால் பிரச்சாரம் முழுக்க அந்த பிளம்பர் கூடவே வந்தார்.

போலந்து சுற்றுலாத் துறை அந்தக் கோடையில் அழகான பதில் கொடுத்தது. பிளம்பர் உடையில் ஒரு கட்டழகு இளைஞரின் படத்தைப் போட்டு, நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் திரளாக வாருங்கள் என்று பிரெஞ்சுக்காரர்களை அழைத்தார்கள்.

கூலி விஷயத்தில் அந்த அச்சம் நியாயமானதா?

பாதி நியாயம். தற்காலிகமாக அனுப்பப்படும் தொழிலாளருக்கு, போன இடத்துக் குறைந்தபட்சக் கூலி கிடைக்க வேண்டும் என்று 1996-லேயே ஒரு ஆணை வந்துவிட்டது. போல்கெஸ்டைன் வரைவு அதில் கைவைக்கவில்லை. அந்த அளவில், போலந்துக் கூலிக்கே வந்து வேலை செய்வார்கள் என்ற பிரச்சாரம் தவறு.

ஆனால் வரைவின் இன்னொரு பிரிவைப் பலர் கவனிக்கவில்லை. ஆள் வருவதை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்வது, உள்ளூரில் ஒரு பிரதிநிதியை வைக்கச் சொல்வது போன்ற நிபந்தனைகளைப் போன நாடு விதிக்கக் கூடாது என்று அது சொன்னது. கூலி உரிமையைத் தந்துவிட்டு, அது கிடைக்கிறதா என்று போய்ப் பார்க்கும் வழியை அடைத்தால் அந்த உரிமைக்கு என்ன மதிப்பு? தொழிற்சங்கங்கள் இதை எதிர்த்தது முற்றிலும் சரி என்பதே என் கருத்து.

கடைசியில் என்ன நிறைவேறியது?

2006 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரைவை அடியோடு மாற்றி எழுதியது. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் எவலின் கேப்ஹார்ட் அதற்குப் பொறுப்பேற்றிருந்தார். சொந்த நாட்டுச் சட்டமே போதும் என்ற விதி போனது. சோதனைக்குத் தடை போட்ட பிரிவும் போனது. டிசம்பர் 12 அன்று ஆணை நிறைவேறியது. 2009 டிசம்பர் 28-க்குள் ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

இன்றிருக்கும் விதி இதுதான். வெளியிலிருந்து வருபவரிடம் ஒரு நிபந்தனை விதிக்க வேண்டுமானால் அது உள்ளூர்க்காரரையும் வெளிநாட்டுக்காரரையும் வேறுபடுத்தக் கூடாது. பொது ஒழுங்கு, பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல் ஆகியவற்றில் ஒன்றுக்காக அது தேவைப்பட வேண்டும். தேவைக்கு மேல் கடுமையாக இருக்கவும் கூடாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, முழுவதுமாகத் தடைசெய்யப்பட்ட நிபந்தனைகளின் பட்டியல். நம் குடிமகனாக இருந்தால்தான் லைசென்ஸ் என்று சொல்ல முடியாது. இந்த ஊரில் ஏற்கெனவே போதுமான கடைகள் இருக்கின்றன, இன்னொன்றுக்குத் தேவையில்லை என்று பொருளாதாரக் காரணம் காட்டி மறுக்க முடியாது. போட்டிக் கடைக்காரர்களே குழுவில் உட்கார்ந்து புதியவருக்கு அனுமதி தரலாமா என்று முடிவு செய்யவும் முடியாது. இவையெல்லாம் ஐரோப்பாவில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தவை. குறித்த காலத்தில் அதிகாரி பதில் சொல்லவில்லை என்றால், பொதுவாக அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றும் ஒரு விதி வந்தது. இதனால் பலன் அடைந்தது வெளிநாட்டுக்காரர் மட்டும் இல்லை. உள்ளூரில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களும்தான்.

எந்தத் தொழில்கள் இதில் வராது?

நிறைய. வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு, போக்குவரத்து, மருத்துவம், தற்காலிகத் தொழிலாளர்களை அமர்த்தும் ஏஜென்சிகள், தனியார் பாதுகாவலர், சூதாட்டம், ஒலி ஒளி ஊடகம், நோட்டரி வேலை. இவற்றில் பலவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

இந்தப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதை ஊபர் வழக்கில் பார்க்கலாம். பார்சிலோனா டாக்சிக்காரர்கள் தொடுத்த வழக்கில், ஊபர் செய்வது போக்குவரத்துச் சேவையே என்று 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. உடனே அது ஆணைக்கு வெளியே போய்விட்டது. அந்தந்த நாடு தன் இஷ்டப்படி கட்டுப்படுத்தலாம் என்றாகிவிட்டது.

லவால் வழக்கு என்று அடிக்கடி சொல்கிறார்களே?

ஸ்டாக்ஹோம் அருகே வாக்ஸ்ஹோல்ம் என்ற சிற்றூரில் ஒரு பள்ளிக்கூடத்தைப் புதுப்பிக்கும் வேலை. லவால் என்ற லாட்விய நிறுவனம் தன் ஆட்களை அங்கே அனுப்பியது. ஸ்வீடன் கட்டுமானத் தொழிலாளர் சங்கம் மணிக்கு 145 குரோனர் கூலி கேட்டது. உடன்பாடு ஆகவில்லை. 2004 நவம்பரில் சங்கம் கட்டுமான இடத்தை முற்றுகையிட்டது; எலக்ட்ரீசியன்கள் சங்கமும் ஆதரவாக வேலையை நிறுத்தியது. வேலை முடங்கியது. அந்த நிறுவனத்தின் ஸ்வீடன் கிளை திவாலானது.

ஸ்வீடனில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே கிடையாது. அந்தந்த இடத்தில் சங்கமும் முதலாளியும் பேசித் தீர்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பல பத்தாண்டுகளாக நன்றாகவே நடந்துவந்தது. 1996 ஆணையோ சட்டத்தில் அல்லது எல்லோருக்கும் பொருந்தும் ஒப்பந்தத்தில் எழுதிய கூலியைத்தான் கேட்கலாம் என்கிறது. முன்கூட்டியே தெரியாத ஒரு தொகையைக் கேட்டு வெளிநாட்டு நிறுவனத்தை முற்றுகையிடுவது சேவைச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று 2007 டிசம்பர் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பிறகு சங்கங்கள் நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டிவந்தது.

இந்தத் தீர்ப்பு சங்கங்களின் மனத்தில் ஆழமான காயத்தை உண்டாக்கியது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பிலேயே எழுதிவிட்டு, சேவைச் சுதந்திரத்தை அதற்கு மேலே வைத்தது தவறு என்றே நானும் நினைக்கிறேன். சேவைச் சந்தையைத் திறக்கலாம் என்று யார் சொன்னாலும் தொழிலாளர்கள் இன்றும் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு வாக்ஸ்ஹோல்ம் ஒரு பெரிய காரணம்.

இப்போது அனுப்பப்படும் தொழிலாளருக்கு என்ன கூலி?

2018-ல் அந்த 1996 ஆணையைத் திருத்தினார்கள். 2020 ஜூலை 30 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கட்டாயமாக இருக்கும் ஊதியம் முழுவதும் என்று ஆக்கினார்கள். அதாவது அதே இடத்தில், அதே வேலைக்கு, அதே கூலி. பயணம், தங்குமிடச் செலவைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வது முடியாது. 12 மாதம் தாண்டினால், காரணம் சொல்லிக் கேட்டால் 18 மாதம் தாண்டினால், போன நாட்டுத் தொழிலாளர் சட்டம் ஏறக்குறைய முழுவதும் பொருந்தும். ஹங்கேரியும் போலந்தும் வழக்குப் போட்டன. 2020 டிசம்பரில் இரண்டும் தோற்றன.

சமூகப் பாதுகாப்புச் சந்தா (ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்குக் கட்டும் தொகை) மட்டும் 24 மாதம் வரை சொந்த நாட்டிலேயே கட்டலாம். கிழக்கு நாடுகளில் அது குறைவாக இருந்தால் அந்த நிறுவனத்துக்கு இன்னும் கொஞ்சம் சாதகம்தான்.

நடைமுறையில் ஒரு சிறு நிறுவனம் என்னென்ன செய்ய வேண்டும்?

போலந்தில் ஐந்து பேரை வைத்து டைல்ஸ் ஒட்டும் ஒருவருக்கு பெல்ஜியத்தில் மூன்று வார வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆளுக்கும் ஏ1 என்ற படிவம் வாங்க வேண்டும். சமூகப் பாதுகாப்புச் சந்தா போலந்தில் கட்டப்படுகிறது என்பதற்கு அதுதான் சான்று. பிறகு பெல்ஜியத்தின் லிமோசா தளத்தில் எல்லோரையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு தொடர்பு நபரை நியமிக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வேலை நேரப் பதிவு எல்லாம் ஆய்வாளர் கேட்டால் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அதே குழு பிரான்சுக்குப் போனால் லிமோசா உதவாது. அங்கே சிப்சி என்ற வேறு தளம், வேறு படிவம். கட்டட வேலைகள் பலவற்றுக்குப் பத்தாண்டு உத்தரவாதக் காப்பீடும் கட்டாயம். பிரான்சுக்கு வெளியே இருக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் அதைத் தருவது அரிது. அனுமதி மறுக்கப்படவில்லை, ஆனால் காப்பீடு கிடைக்காததால் வேலைக்குப் போக முடியாது. இன்றைய தடைகளில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான்.

தொழிலாளியைக் காப்பாற்றும் சோதனையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஒரே தகவலை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதமாக எழுதித் தரச் சொல்வதால் எந்தத் தொழிலாளிக்கும் ஒரு காசு கூடுதலாகக் கிடைப்பதில்லை. பெரிய நிறுவனம் இதற்கென்று ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளும். ஐந்து பேர் குழு வேலையே வேண்டாம் என்று விட்டுவிடும். எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரே மின்னணு அறிவிப்பைக் கொண்டுவர 2024 நவம்பரில் ஆணையம் யோசனை வைத்தது. அது உண்மையிலேயே உதவும்.

படிப்பும் லைசென்ஸும் எல்லா நாட்டிலும் செல்லுமா?

டாக்டர், செவிலியர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், மருத்துவச்சி, மருந்தாளுநர், கட்டடக் கலைஞர் ஆகிய ஏழு தொழில்களுக்குத் தானாகவே அங்கீகாரம் உண்டு. 2005-ல் வந்த தனி ஆணை அதைத் தருகிறது. மற்றவர்கள் விண்ணப்பித்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். 2016 முதல் செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், மலை வழிகாட்டி, ரியல் எஸ்டேட் முகவர் ஆகிய ஐந்து தொழில்களுக்கு ஆன்லைனிலேயே வேலை முடியும்.

கைத்தொழில்களில்தான் சிக்கல். ஜெர்மனியில் பல தொழில்களில் மைஸ்டர் என்ற கைத்தொழில் வல்லுநர் பட்டம் இல்லாமல் சொந்தமாகக் கடை வைக்க முடியாது. 2004-ல் இந்தக் கட்டாயத்தை 94 தொழில்களிலிருந்து 41-ஆகக் குறைத்தார்கள். டைல்ஸ் ஒட்டும் தொழிலில் ஏராளமான புதிய நிறுவனங்கள் முளைத்தன. தரமும் பயிற்சியும் கெட்டன என்று சங்கங்கள் போராடி, 2020-ல் 12 தொழில்களில் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்; அதில் டைல்ஸும் ஒன்று. மற்ற உறுப்பு நாட்டுக்காரர் பல ஆண்டு அனுபவத்தைக் காட்டி விலக்குப் பெறலாம். மைஸ்டர் முறை இளைஞர்களுக்குத் தரும் பயிற்சி உலகத்தரமானது, அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் பயிற்சி தருவது வேறு, கடை திறக்கத் தடை போடுவது வேறு. முதலாவதைக் காப்பாற்ற இரண்டாவது தேவையில்லை.

இத்தாலியக் கடற்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இத்தாலியில் போல்கெஸ்டைன் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது குடையும் சாய்வு நாற்காலியும்தான். அங்கே கடற்கரை அரசுக்குச் சொந்தம். ஒரு துண்டுக் கடற்கரையைக் குத்தகைக்கு எடுத்து, குடை, நாற்காலி, குளியலறை, சிற்றுண்டிக் கடை நடத்துவது ஒரு குடும்பத் தொழில். குத்தகை தானாகவே நீண்டுகொண்டிருந்தது. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தது. அரசுக்குக் கிடைத்த பணமோ சொற்பம்.

இடம் குறைவாக இருந்து கேட்பவர் அதிகமாக இருந்தால், வெளிப்படையாகப் போட்டி நடத்தித்தான் உரிமம் தர வேண்டும் என்கிறது 2006 ஆணை. கார்டா ஏரிக்கரைக் குத்தகை ஒன்றைப் பற்றியும் சார்டீனியத் தீவின் கடற்கரைகளைப் பற்றியும் வந்த வழக்குகளில், தானாக நீட்டிப்பது செல்லாது என்று 2016 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. இரண்டே ஆண்டில் இத்தாலி நாடாளுமன்றம் குத்தகைகளை 2033 வரை நீட்டியது. நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2021-ல் அதையும் ரத்து செய்தது. 2024 ஆகஸ்ட் 9 காலை குத்தகைக்காரர்கள் இரண்டு மணி நேரம் குடைகளை விரிக்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பரில் அரசும் ஆணையமும் பேசி, 2027 செப்டம்பர் வரை அவகாசம் என்று முடிவானது.

முப்பது ஆண்டு அந்த மணலில் உழைத்து, கடன் வாங்கிக் குளியலறை கட்டியவரின் பயம் உண்மையானது. பெரிய பணக்காரர் ஏலத்தில் எல்லாவற்றையும் அள்ளிவிடுவார் என்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது: போட்ட முதலுக்கு ஈடு கொடுக்கலாம், சிறு நிறுவனங்களுக்கு மதிப்பெண் கொடுக்கலாம், ஒருவருக்கு இத்தனைதான் என்று வரம்பு வைக்கலாம். எல்லோருக்கும் சொந்தமான கரையை விண்ணப்பமே வாங்காமல் ஒரே குடும்பத்திடம் தலைமுறை தலைமுறையாக விட்டுவைப்பதைத்தான் நியாயப்படுத்த முடியாது.

சேவை வாங்குபவருக்கு என்ன லாபம்?

நீ வேறு நாட்டுக்காரன் என்று மட்டும் சொல்லி, தக்க காரணம் இல்லாமல் விலையை ஏற்றவோ மறுக்கவோ கூடாது. மருத்துவத்தில் ஒரு பழைய வழக்கு நினைவில் வைக்கத்தக்கது. லக்சம்பர்க்காரர் ஒருவர் தன் மகளின் பல்வரிசையைச் சீராக்க, எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் ட்ரியர் நகரிலுள்ள மருத்துவரிடம் போக விரும்பினார். முன் அனுமதி கிடையாது, பணமும் தர மாட்டோம் என்றது காப்பீடு. மருத்துவமும் ரோம் ஒப்பந்தம் சொல்லும் சேவைதான் என்று 1998-ல் அவர் வென்றார். அதன் வழியில் 2011-ல் வந்த ஆணைப்படி, வேறு உறுப்பு நாட்டில் சிகிச்சை எடுத்தால், சொந்த நாட்டில் கிடைத்திருக்கும் தொகை வரை திரும்பப் பெறலாம். மருத்துவமனையில் தங்குவதற்கு முன் அனுமதி கேட்கப்படலாம்.

ஜெர்மனியில் வேலை அனுமதியில் இருக்கும் இந்தியரை அவர் நிறுவனம் பிரான்சுக்கு டெபுடேஷனில் அனுப்ப முடியுமா?

முடியும். பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஒரு கட்டட இடிப்பு நிறுவனம் தன்னிடம் வேலை பார்த்த மொராக்கோ நாட்டவரை பிரான்சின் ரான்ஸ் நகருக்கு ஒரு மாத வேலைக்கு அனுப்பியது. பிரெஞ்சு வேலை அனுமதி இல்லை என்று அபராதம் போட்டார்கள். சட்டப்படி வேலையில் இருப்பவரைத் தற்காலிகமாக அனுப்பும்போது இரண்டாவது வேலை அனுமதி கேட்கக் கூடாது என்று 1994-ல் தீர்ப்பானது. அதுதான் வாண்டர் எல்ஸ்ட் வழக்கு. ஜெர்மனி அந்தப் பெயரிலேயே ஒரு விசாவும் தருகிறது. அனுப்புவது உங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனமாகவே இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப வேண்டும். சென்னை அலுவலகத்திலிருந்து நேராகப் போகிறவருக்கு இது பொருந்தாது.

சுவிட்சர்லாந்து, பிரிட்டன்?

நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய மூன்றிலும் இந்த ஆணை செல்லும். சுவிட்சர்லாந்தில் செல்லாது, அங்கே தனி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 90 வேலை நாட்கள் வரை போகலாம், பல தொழில்களுக்கு எட்டு நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். பிரிட்டன் 2020 முடிவோடு ஐரோப்பிய ஒற்றைச் சந்தையிலிருந்தும் வெளியேறிவிட்டது.

110 சதவீத வரிக்குச் சமம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

உறுப்பு நாடுகளுக்கிடையே மிச்சமிருக்கும் தடைகள் பொருளுக்கு 44 சதவீத, சேவைக்கு 110 சதவீத வரி போட்டதற்குச் சமம் என்று 2024-ல் சர்வதேச நாணய நிதியம் கணித்தது. இத்தாலியின் முன்னாள் பிரதமர் மரியோ திராகி அதை எடுத்துப் பேசியதும் எங்கும் பரவியது. யாரும் எல்லையில் வரி வசூலிக்கவில்லை. நடக்கும் வணிகத்தையும் நடந்திருக்க வேண்டிய வணிகத்தையும் ஒப்பிட்டுப் போட்ட கணக்கு அது. மொழி, பழக்கம், பக்கத்துத் தெரு ஆளை நம்புவது எல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கலாம். அதனால் அதை அப்படியே சட்டத்தின் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் தொழிலுக்கு ஒரு நாட்டு அலுவலகம் அநியாயமாகத் தடை போட்டால் யாரிடம் போவது?

முதலில் அந்த நாட்டின் ஒற்றைச் சாளரத் தளத்தைப் பாருங்கள். 2006 ஆணைப்படி ஒவ்வொரு நாடும் அதை வைத்திருக்க வேண்டும். எந்தச் சட்டப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் சால்விட் என்ற சேவைக்கு எழுதலாம். 2002 முதல் இருக்கிறது, கட்டணம் இல்லை, எல்லா உறுப்பு நாடுகளிலும் அலுவலகம் உண்டு. உங்கள் நாட்டு அலுவலகம் அந்த நாட்டு அலுவலகத்தோடு நேரடியாகப் பேசும். பத்து வாரத்துக்குள் முடிப்பது அவர்கள் இலக்கு. அரசு அலுவலகத்தின் தவறுக்குத்தான் இது. வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்ற தகராறை எடுக்க மாட்டார்கள். வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலும் எடுக்க மாட்டார்கள், அதனால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஆனால் அவர்களுக்கு எழுதிவிட்டதால் மேல்முறையீட்டுக் கெடு நின்றுவிடாது. அந்தத் தேதியைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.